'மதிப்பிடுக' என்று கேட்டால் மதிப்பீடு ஆகிவிடுமா? கல்லூரி மாணவரின் சிந்தனைத் திறனை வளர்ப்பதும் அளப்பதும்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே தெருவில் இரண்டு விதமான கல்லூரி மாணவர்கள் இருப்பார்கள். ஒருவர் சித்தூரிலோ பாலக்காட்டிலோ படிக்கிறார். அது கோழிக்கோடு பல்கலைக்கழகம். இன்னொருவர் காலையில் பஸ் ஏறி எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போகிறார். அது பாரதியார் பல்கலைக்கழகம், இல்லாவிட்டால் அண்ணா பல்கலைக்கழகம். பாடத்திட்டம் வேறு, தேர்வு முறை வேறு. ஆனால் இரண்டு பேரின் பாடத்திட்டப் புத்தகத்தையும் புரட்டினால் ஒரு சொல் இரண்டிலும் இருக்கும்: விமர்சனச் சிந்தனை.

கேரளத்தில் 2024 ஜூலை 1-ஆம் தேதி நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியபோது இந்தச் சொல் இன்னும் அதிகமாகக் காதில் விழுந்தது. மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ் பட்டம் என்ற அமைப்பு பெற்றோருக்கு ஓரளவு புரிந்துவிட்டது. சிந்தனையை வளர்ப்போம், அதை அளந்தும் காட்டுவோம் என்ற பேச்சுதான் புரியவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே-1, கே-2 என்று ஒரு குறி. இது என்ன, யார் போடுகிறார்கள், அதனால் பையனுக்கோ பெண்ணுக்கோ என்ன ஆகப்போகிறது? அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சொல்லிலேயே இருக்கும் சிக்கல்

'விமர்சனம்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமா விமர்சனம். அதாவது குறை சொல்வது. மலையாளத்திலும் இதே வேரிலிருந்து வந்த 'விமர்சனாத்மக' என்ற சொல்தான் புழங்குகிறது. அங்கேயும் இதே குழப்பம். எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசும் மாணவரை 'நன்றாகச் சிந்திக்கிறார்' என்று நினைத்துவிடும் ஆபத்து இதில் உண்டு. எதிர்த்துப் பேசுவது சுலபம். எதிர்ப்புக்கு ஆதாரம் இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்வதுதான் கடினம். அதனால் இந்தக் கட்டுரையில் 'ஆய்வுச் சிந்தனை' என்றே எழுதுகிறேன்.

1910-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி இதற்கு ஓர் அடிப்படை போட்டார். ஒரு நம்பிக்கை எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது, அதை ஏற்றுக்கொண்டால் அது நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று இரண்டு பக்கமும் பார்த்து யோசிப்பது என்பது அதன் சாரம். பிறகு வந்த ராபர்ட் என்னிஸ் அதைச் சுருக்கினார்: எதை நம்புவது, என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்கான நியாயமான யோசனை. 1990-இல் அமெரிக்கத் தத்துவச் சங்கத்துக்காகப் பீட்டர் ஃபேசியோன் 46 நிபுணர்களிடம் பலமுறை கருத்துக் கேட்டு ஆறு திறன்களைப் பட்டியலிட்டார். இன்று உலகம் முழுக்கக் கல்லூரிகள் பயன்படுத்தும் பட்டியல்களில் பல இதன் குழந்தைகள்.

பட்டியலை அப்படியே எழுதினால் மண்டையில் ஏறாது. ஒரு வாட்ஸ்அப் செய்தியை எடுத்துக்கொள்வோம்: "ஆழியாற்றுத் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள், அதனால்தான் நம் வயல் காய்கிறது." தமிழ்நாடும் கேரளமும் ஓர் ஒப்பந்தப்படி பகிர்ந்துகொள்ளும் தண்ணீர் அது. சித்தூர்ப் பக்கத்தில் கோடைக்குக் கோடை உலவக்கூடிய செய்திதான்.

1. பொருள் கொள்ளுதல். 'குறைத்துவிட்டார்கள்' என்றால் எதோடு ஒப்பிட்டு? போன வருடத்தோடா, ஒப்பந்தத்தில் உள்ள அளவோடா, நமக்குத் தேவையான அளவோடா? மூன்றும் வேறு வேறு.

2. பகுத்தல். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. தண்ணீர் குறைந்தது என்பது ஒன்று. வயல் காய்வதற்கு அதுதான் காரணம் என்பது இன்னொன்று. முதலாவது உண்மையாக இருந்து இரண்டாவது பொய்யாகவும் இருக்கலாம்.

3. மதிப்பிடுதல். சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், அளந்தாரா, கேள்விப்பட்டாரா?

4. ஊகித்தல். வேறு காரணங்கள் என்னென்ன? மழை பொய்த்திருக்கலாம், வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், மேல்பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியிருக்கலாம். சித்தூர் வட்டாரமே நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்ட பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியிருந்த இடம்தான்.

5. விளக்குதல். எட்டிய முடிவை, எட்டிய வழியோடு சேர்த்து, ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கும் புரியும்படி சொல்வது.

6. தன்னைத் தானே சரிபார்த்தல். நான் சித்தூர்க் காரன், என் அப்பாவுக்கு அந்தப் பாசனத்தில் வயல் இருக்கிறது. அதனால்தான் இந்தச் செய்தியை உடனே நம்பினேனா? பொள்ளாச்சிப் பக்கத்து மாணவர் இதையே தன் பக்கத்திலிருந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாவதுதான் மற்ற ஐந்தையும் தூக்கி நிறுத்துகிறது. அதைத் திறமை என்பதைவிடச் சுபாவம் என்று சொல்வது பொருத்தம். ஃபேசியோனின் அறிக்கையும் திறன்களோடு சேர்த்து இந்த மனப்பாங்கைத் தனியாகப் பேசுகிறது. மற்ற ஐந்தும் கைவந்த ஒருவர் அவற்றைத் தன் கட்சியைக் காப்பாற்ற மட்டுமே பயன்படுத்தலாம் அல்லவா?

கே-1 முதல் கே-6 வரை: குறி எங்கிருந்து வந்தது

1956-இல் பெஞ்சமின் புளூம் தலைமையில் ஒரு குழு கல்வி நோக்கங்களை ஆறு படிகளாக அடுக்கியது. 2001-இல் ஆண்டர்சன், கிராத்வோல் இருவரும் அதைத் திருத்தினார்கள். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்பது இன்றைய வரிசை. கேள்வித்தாளில் உள்ள கே-1 முதல் கே-6 வரை இந்த ஆறு படிகளே.

இது நம் ஊர்க் கேள்வித்தாளுக்குள் வந்த கதை வேறு. 2014 ஜூனில் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினர் ஆனது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று சமமாக ஏற்றுக்கொள்வதற்கான உடன்படிக்கை அது. மாணவர் என்ன படித்தார் என்பதைவிட, படித்து முடித்து அவருக்கு என்ன செய்யத் தெரிகிறது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2018-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் தேர்வுச் சீர்திருத்த வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பொறியியலில் வேரூன்றிய பழக்கம் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பரவியது. அங்கீகாரக் குழு வரும்போது காட்டக் கோப்பு வேண்டும். கோப்புக்கு எண் வேண்டும். எண்ணுக்குக் குறி வேண்டும். ஆக, இந்தக் குறி பிறந்தது மாணவருக்காக இல்லை, கோப்புக்காக. அதற்காக அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். எல்லாக் கேள்விகளும் கே-1 ஆகவே இருக்கும் தாளை அது அம்பலப்படுத்துகிறது, அந்த அளவில் நல்லதுதான்.

சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. 'பட்டியலிடுக' என்றால் கே-1, 'ஒப்பிடுக' என்றால் கே-4, 'மதிப்பிடுக' என்றால் கே-5 என்று ஓர் அட்டவணையைப் பார்த்துக் குறி போடுகிறார்கள். இந்தக் கேள்வியைப் பாருங்கள்:

'பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின் நிறை குறைகளை மதிப்பிடுக.'

வினைச்சொல்லின்படி இது கே-5. ஆனால் வகுப்பில் கொடுத்த நோட்ஸில் 'நிறைகள் ஆறு, குறைகள் நான்கு' என்று இருக்கிறது. மாணவர் அதை உருப்போட்டு, பத்தையும் எழுதி, பத்துக்கு ஒன்பது வாங்குகிறார். இங்கே நடந்தது கே-1. நினைவுகூர்ந்தார், அவ்வளவுதான். இதே கேள்வியை அந்த நோட்ஸ் இல்லாத ஒருவரிடம், ஒப்பந்தத்தின் நகலையும் சில ஆண்டு நீர்க்கணக்கையும் கையில் கொடுத்துக் கேட்டால் அப்போது அது உண்மையாகவே கே-5.

ஒரு கேள்வியின் படி அந்தக் கேள்விக்குள் மட்டும் இல்லை. கேள்விக்கும், மாணவர் முன்பே பார்த்ததற்கும் நடுவில் இருக்கிறது. விடை நோட்ஸில் இருந்தால் எந்த வினைச்சொல்லைப் போட்டாலும் அது ஞாபகத் தேர்வுதான்.

நன்னூலில் பவணந்தி மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கருக்கு உவமை சொன்னார். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிக்கு அவர் கொடுத்தது இடைநிலை. நம் தேர்வுகள் கிளிக்குத் தாராளமாக முதல் வகுப்பே கொடுத்துவிடுகின்றன.

அளக்கும் கருவிகள் மூன்று

முதலாவது, கொள்குறி வினாத் தேர்வு. வாட்சன்–கிளேசர் தேர்வு இதில் பழையது. ஊகம், மறைந்திருக்கும் அனுமானத்தைக் கண்டுபிடித்தல், விதியிலிருந்து முடிவுக்கு வருதல், பொருள் கொள்ளல், வாதத்தின் வலுவை எடைபோடுதல் என்று ஐந்து பகுதிகள். ஆயிரம் பேருக்கும் ஒரே நாளில் வைக்கலாம், திருத்துவதில் தகராறு வராது. ஆனால் நான்கு விடையில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது வேறு, வெற்றுத் தாளில் ஒரு வாதத்தைக் கட்டி எழுப்புவது வேறு. சந்தையில் நல்ல தேங்காயைத் தட்டிப் பார்த்து எடுக்கத் தெரிந்தவருக்குத் தென்னை வளர்க்கத் தெரிய வேண்டும் என்று இல்லை.

இரண்டாவது, செயல்பணித் தேர்வு. அமெரிக்காவில் கல்லூரிக் கற்றல் மதிப்பீடு என்ற பெயரில் இது பிரபலமானது. மாணவருக்குச் சில ஆவணங்கள், ஒரு பிரச்சினை, ஒரு மணி நேரம். அதற்குள் ஒரு பரிந்துரை எழுத வேண்டும். ஆவணங்களில் சில நம்பகமானவை, சில அரைகுறை, ஒன்றிரண்டு வேண்டுமென்றே வழிதவற விடுபவை.

மூன்றாவது, மதிப்பீட்டுப் படிவம். தேர்வு தனியாக வைப்பதில்லை. வழக்கமான கட்டுரை, செய்முறை அறிக்கை, கருத்தரங்கு உரை இவற்றையே ஒரு பொது அளவுகோலால் அளப்பது. 2009-இல் அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் வெளியிட்ட படிவத்தில் ஐந்து அம்சங்கள்: பிரச்சினையை விளக்கியது, ஆதாரத்தைக் கையாண்டது, சூழலையும் அனுமானங்களையும் உணர்ந்தது, தன் நிலைப்பாட்டை எடுத்தது, முடிவையும் விளைவையும் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை படி. கட்டணம் கிடையாது, எந்தத் துறைக்கும் பொருந்தும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தால் நம் ஊர்க் கல்லூரிக்கு ஏற்ற தேர்வு கிடைக்கும் என்பது என் கருத்து. எப்படி இருக்கும் என்று காட்டிவிடுகிறேன்.

ஒரு மாதிரித் தேர்வு: மணக்கடவுத் தண்ணீர்

பின்னணி உண்மையானது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி 1958-இலிருந்து நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி சித்தூர்ப் பாசனத்துக்காக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, சுமார் 2,830 கோடி லிட்டர். கீழே வரும் மற்ற ஆவணங்களை ஆசிரியரே தேர்வுக்காகத் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

மாணவருக்குக் கொடுக்கும் தாள்கள்:

1. மேலே சொன்ன ஒப்பந்த விதி, அரைப் பக்கம்.
2. பத்து ஆண்டு மழை அட்டவணை, மாதவாரியாக.
3. தமிழ் நாளிதழ்ச் செய்தி நறுக்கு: 'ஆழியாறு ஆயக்கட்டு விவசாயிகள் தண்ணீரின்றித் தவிப்பு'.
4. மலையாள நாளிதழ்ச் செய்தி நறுக்கு: சித்தூரில் நெல் கருகுகிறது, ஒப்பந்தம் மீறப்படுகிறது.
5. ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவின் எழுத்து வடிவம்.
6. மணக்கடவில் ஏழு மாதங்களுக்கு மட்டும் பதிவான நீர் அளவு.

பணி: ஊராட்சித் தலைவர் நாளை ஒரு கூட்டத்துக்குப் போகிறார். அவருக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் என்ன கோரலாம், எந்த ஆதாரத்தை மேசையில் வைக்கலாம், எதைச் சொல்லாமல் விடுவது நல்லது?

இதற்கு வரக்கூடிய விடைகளை மூன்று தரமாகப் பிரிக்கலாம். முதல் வகை மாணவர் தன் ஊர்ப் பக்கத்து நறுக்கை எடுத்துக்கொண்டு அதையே நீட்டி எழுதுவார். 7.25 என்ற எண்ணையும் ஏழு மாதக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'பாதிதான் வந்திருக்கிறது' என்பார். ஆண்டு முழுமைக்கான அளவை ஏழு மாத அளவோடு ஒப்பிடுகிறோம், கணக்கு ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்று பார்க்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது.

இரண்டாம் வகை கொஞ்சம் ஏமாற்றும். ஆறு ஆவணங்களையும் அழகாகச் சுருக்கி, கடைசியில் 'இரு மாநிலங்களும் பேச்சுவார்த்தை மூலம் சுமுகத் தீர்வு காண வேண்டும்' என்று முடித்திருப்பார். கையெழுத்து நன்றாக இருக்கும், உபதலைப்பு இருக்கும். பல ஆசிரியர்கள் இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவார்கள். ஆனால் இதில் தீர்ப்பே இல்லை. எந்த ஆவணத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு வரி கூடக் கிடையாது. ஊராட்சித் தலைவர் இந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

மூன்றாம் வகை விடை பார்வைக்கு அவ்வளவு அழகாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதில் இப்படி வரிகள் வரும்: இரண்டு நறுக்குகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும், மழை குறைந்த ஆண்டில் இரண்டு பக்கமும் காயும். அணையில் திறந்த அளவும் மணக்கடவில் வந்து சேர்ந்த அளவும் ஒன்றல்ல, ஒப்பந்தம் பேசுவது மணக்கடவைப் பற்றி. குரல் பதிவில் தேதி இல்லை, அதை ஒதுக்கிவிட்டேன். மீதி மாதங்களின் கணக்கு கிடைத்தால் என் முடிவு மாறலாம். இன்ன அளவுக்கு மேல் வந்திருந்தால் மீறல் என்ற வாதத்தைக் கைவிட வேண்டும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். தன் முடிவைக் கவிழ்க்கக்கூடிய ஆதாரம் எது என்று தானே சொல்லத் தெரிந்தவரிடம் ஆய்வுச் சிந்தனை இருக்கிறது. ஐந்து அம்சப் படிவத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

திருத்துவதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல் திருத்த வேண்டும். நான்கில் ஒருவர் ஒன்று போட, இன்னொருவர் நான்கு போட்டால் கோளாறு மாணவரிடம் இல்லை, அளவுகோலில். பத்து விடைத்தாளை நடுவில் வைத்து ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசினால் வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

கல்லூரியில் இது வளர்கிறதா?

2016-இல் ஹூபர், குன்செல் என்ற இரு ஆய்வாளர்கள் 71 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கல்லூரிக் காலத்தில் ஆய்வுச் சிந்தனை சராசரியாக 0.59 திட்ட விலக்க அளவுக்கு உயர்கிறது என்பது அவர்கள் முடிவு. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு. 0.59 உயர்வு என்றால், சேரும்போது 100 பேரில் நடுவில் நின்றவர், அதே கூட்டத்தில் சுமார் 28-ஆவது இடத்துக்கு முன்னேறுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய ஆய்வுகளில் தெரிந்த உயர்வு புதியவற்றில் சுருங்கியிருந்தது.

நமக்கு நெருக்கமான ஆய்வு 2021-இல் வந்தது. இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா நான்கு நாடுகளிலும் கணினி அறிவியல், மின் பொறியியல் மாணவர்கள் பல்லாயிரம் பேரைப் பிரசாந்த் லோயல்கா உள்ளிட்ட ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் இரண்டு ஆண்டில் இந்திய மாணவர்களின் பாட அறிவு உயர்ந்தது. ஆய்வுச் சிந்தனையிலோ, அமெரிக்க மாணவர்கள் நான்காண்டில் முன்னேறியது போல இந்தியா, சீனா, ரஷ்யா மூன்று நாட்டு மாணவர்களும் முன்னேறவில்லை. பாடம் ஏறினால் சிந்தனையும் தானாக ஏறும் என்ற நம் நம்பிக்கைக்கு இது பெரிய அடி.

ஒரு கல்லூரி 'எங்கள் மாணவர்களின் சிந்தனைத் திறன் 20 சதவீதம் உயர்ந்தது' என்று விளம்பரம் செய்தால் மூன்றைக் கேட்க வேண்டும். முதலிலும் கடைசியிலும் ஒரே தேர்வா? அப்படியானால் பழக்கத்தால் வந்த உயர்வு எவ்வளவு? இந்தப் பயிற்சி பெறாத மாணவர்களோடு ஒப்பிட்டார்களா? 18 வயதிலிருந்து 21-க்கு வரும்போது எல்லாருமே கொஞ்சம் முதிர்கிறார்கள், அதைக் கழித்தாக வேண்டும். அப்புறம், மதிப்பெண் இல்லாத தேர்வில் மாணவர் உண்மையாக முயன்றாரா, அல்லது பத்து நிமிடத்தில் கண்டபடி குறித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாரா? அளவீட்டு இலக்கியத்தில் இந்தக் கடைசிக் கேள்வி பெரிய தலைவலி.

தனி வகுப்பா, பாடத்துக்குள்ளேயா?

1966-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு புதிர் போட்டார். நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது அ, க, 4, 7. 'ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண்' என்ற விதி சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. இந்த வகைப் புதிரில் பத்துக்கு ஒருவர் சரியாகச் சொன்னாலே அதிகம்.

இப்போது நீங்கள் வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விதி: கருங்கல் ஏற்றிய லாரிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். நான்கு லாரிகள் நிற்கின்றன. முதல் லாரியில் கருங்கல் தெரிகிறது. இரண்டாவதில் வைக்கோல். மூன்றாவது தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது, ஓட்டுநர் கையில் சீட்டு. நான்காவதும் மூடியிருக்கிறது, ஓட்டுநர் சீட்டு இல்லை என்கிறார். எதையெல்லாம் சோதிப்பீர்கள்? முதலாவதையும் நான்காவதையும். யாரும் திணறுவதில்லை. வைக்கோல் லாரிக்காரரிடம் சீட்டு கேட்க வேண்டியதில்லை, சீட்டு வைத்திருப்பவரின் தார்ப்பாயை அவிழ்க்க வேண்டியதில்லை. புதிர் அதே புதிர்தான். அ-வின் இடத்தில் கருங்கல், 7-இன் இடத்தில் சீட்டில்லாத லாரி.

சிந்தனை அந்தரத்தில் மிதப்பதில்லை, தெரிந்த விஷயத்தைப் பற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. ஆய்வுச் சிந்தனை என்று தனித்தாள் வைத்து, தருக்கப் பிழைகளின் பட்டியலை உருப்போட வைத்தால் என்ன ஆகும்? 'தருக்கப் பிழைகள் எட்டு, அவற்றை விளக்குக' என்று ஒரு கே-5 கேள்வி வரும். கிளிக்கு இன்னொரு பாடம்.

2015-இல் பிலிப் அப்ராமி குழுவினர் இத்தகைய பயிற்சிகளின் முடிவுகள் 341-ஐத் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பலன் 0.30 திட்ட விலக்கம் என்று வந்தது. நடுவில் நின்றவர் 38-ஆவது இடத்துக்கு வருகிறார். மாயம் ஒன்றும் இல்லை, வீணும் இல்லை. எது வேலை செய்தது என்பதுதான் முக்கியம்: மாணவர்கள் தங்களுக்குள்ளும் ஆசிரியரோடும் விவாதிப்பது, நிஜமான பிரச்சினைகளைக் கையாள்வது, ஒரு வழிகாட்டி ஒவ்வொருவரின் யோசனையையும் கவனித்துத் திருத்துவது. மூன்றும் சேரும்போது பலன் கூடுகிறது.

வகுப்பில் 60 பேர், ஆசிரியர் ஒருவர், பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி. இந்த நிலையில் எது நடக்கும்?

1. 'மனசிலாச்சா?' என்று கேட்பதை நிறுத்துவது. எல்லைப்புற வகுப்புகளில் ஆசிரியர் இதைக் கேட்டதும் மொத்த வகுப்பும் 'ஆச்சு' என்று சொல்லும். அது ஆதாரம் ஆகாது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி, இரண்டு விடை, கை தூக்கச் சொல்லுங்கள். பிறகு எதிர் விடை சொன்னவரோடு மூன்று நிமிடம் பேசச் சொல்லுங்கள். மறுபடி கை தூக்கட்டும். யார் மாறினார், ஏன் மாறினார் என்று இருவரை மட்டும் கேட்டால் போதும். ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியல் வகுப்பில் பிரபலமாக்கிய முறை இது. கருவி எதுவும் வேண்டாம்.

2. வாதத்தைப் பிரித்து எழுதப் பழக்குவது. இதற்கு வெளிநாட்டு வார்ப்புரு தேவையில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் பகுதியில், ஐந்து உறுப்பு இருக்கிறது. மலையில் நெருப்பு இருக்கிறது: பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால்: ஏது, அதாவது காரணம். அடுக்களை போல: திட்டாந்தம். அதைப் போலவே இந்த மலையும் புகைகிறது: உபநயம். ஆகவே நெருப்பு உண்டு: நிகமனம். அடுக்களை என்ற சொல் பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் இன்றும் புழங்குவதால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அருஞ்சொற்பொருள் கூட வேண்டாம். ஒரு தலையங்கத்தை எடுத்து, இதில் பக்கம் எது, ஏது எது என்று அடிக்கோடிடச் சொன்னால் பாதித் தலையங்கங்களில் ஏதுவே இல்லை என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். போலி ஏது, போலித் திட்டாந்தம் என்று பிழைகளையும் அதே காதை வகைப்படுத்தியிருக்கிறது.

3. ஒரே செய்தியை இரண்டு மொழியில் படிக்க வைப்பது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் பத்து வரலாற்றுப் பேராசிரியர்கள், பத்துச் செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களிடம் சில இணையதளங்களைக் கொடுத்து நம்பகத்தன்மையைக் கேட்டார்கள். பேராசிரியர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே வெளியே போய், இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்; சீக்கிரமாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். கொழிஞ்சாம்பாறை மாணவருக்கு இதில் பிறவி வசதி இருக்கிறது. முல்லைப் பெரியாறு பற்றித் தமிழ்ப் பத்திரிகை எழுதுவதையும் மலையாளப் பத்திரிகை எழுதுவதையும் ஒரே மேசையில் விரிக்க அவரால் முடியும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று சொன்னது இரண்டு பக்கத்துக்கும் பொது. அந்த ஒரே தீர்ப்பைச் சுற்றி எந்தெந்தச் சொல், எந்தெந்த அச்சம், எந்தெந்த விடுபடல் என்று ஒரு மணி நேரம் பார்த்தால், ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தியும் வராதது வரும். சென்னையிலோ கோட்டயத்திலோ இருக்கும் ஒரு மொழி மாணவருக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்கவே முடியாது. நம் கல்லூரிகள் இதைப் பயன்படுத்திக்கொள்ளாதது எனக்கு ஆச்சரியம்தான்.

4. திருத்தி எழுத வைப்பது. முதல் விடைக்கு ஒரே ஒரு கேள்வியைக் குறித்துத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வாரம் மறுபடி வாங்குவது. 60 தாளில் வாரத்துக்குப் பதினைந்து பார்த்தால் மாதத்தில் எல்லாருக்கும் ஒருமுறை கிடைத்துவிடும்.

மொழி குறுக்கே வரும்போது

சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறார்கள். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், விடைத்தாளில் ஆங்கிலம். மணக்கடவுக் கேள்விக்கு அவர் மனதில் மூன்றாம் வகை விடை இருக்கிறது. 'ஆனாலும்', 'ஒருவேளை', 'அதுவரை' போன்ற நுணுக்கங்களை ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. அதனால் உருப்போட்ட இரண்டாம் வகை விடையை எழுதிவிட்டு வருகிறார். இங்கே நாம் அளந்தது எதை? ஆங்கிலத்தைத்தான்.

அளவீட்டியலில் இதைச் செல்லுபடித் தன்மைக் குறை என்பார்கள்: எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதை அளக்காமல் வேறொன்றை அளப்பது. தீர்வு சிக்கலானதில்லை. குறைந்தது அகமதிப்பீட்டிலாவது தமிழிலோ மலையாளத்திலோ எழுத விடலாம். அதற்கும் வழியில்லை என்றால் ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு: 'இந்த முடிவுக்கு ஏன் வந்தாய்? இது தவறு என்று எதைக் காட்டினால் ஒத்துக்கொள்வாய்?'

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து வீட்டில் எழுதிவரும் கட்டுரை ஆய்வுச் சிந்தனைக்குச் சான்று ஆகாமல் போய்விட்டது. மேலே சொன்ன இரண்டாம் வகை விடை, அந்த அழகான, எல்லாரையும் சமாதானப்படுத்தும், தீர்ப்பில்லாத விடை, இயந்திரத்துக்குக் கைவந்த கலை. ஆகவே அந்த விடைக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தை விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. இயந்திரம் எழுதிய விடையையே வகுப்பில் கொடுத்து, ஆறு ஆவணங்களோடு ஒப்பிட்டு எங்கே சறுக்கியிருக்கிறது என்று எழுதச் சொல்லலாம். எழுதியதை வாய்மொழியில் ஆதரித்துப் பேசவும் வேண்டும்.

பெற்றோரும் மாணவரும் பார்க்கக்கூடியவை

ஒரு கல்லூரி இந்த விஷயத்தில் சொல்வதைச் செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் விளம்பரத் தாளைப் படிக்க வேண்டாம். போன பருவத்துக் கேள்வித்தாளையும் அந்தப் பாடத்தின் நோட்ஸையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

1. கே-4-க்கு மேல் குறி போட்ட கேள்விகளில் எத்தனைக்கு விடை நோட்ஸில் அப்படியே இருக்கிறது?
2. மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு அட்டவணையோ, பத்தியோ, வரைபடமோ கேள்வியோடு கொடுக்கப்பட்டிருக்கிறதா?
3. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும் கேள்வி ஒன்றாவது உண்டா?
4. திருத்திய தாள் மாணவர் கைக்குத் திரும்பி வருகிறதா? வந்தால் அதில் மதிப்பெண் மட்டும் இருக்கிறதா, ஒரு கேள்வியாவது எழுதப்பட்டிருக்கிறதா?

முதல் கேள்விக்கு 'எல்லாமே நோட்ஸில் இருக்கிறது' என்று விடை வந்தால் மற்ற மூன்றையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லைக்கு எந்தப் பக்கம் உள்ள கல்லூரியானாலும் சரி.